அச்சகத்து சர்வர்: சென்ட்ஓஎஸ் 7-லிருந்து அல்மாலினக்ஸ் 8-க்கு

சர்வர்களில் ஓடும் இலவச லினக்ஸ் இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள் நின்றன. அதற்குப் பிறகு அந்த சர்வர்களில் ‘யம் அப்டேட்’ என்ற புதுப்பிப்புக் கட்டளையைக் கொடுத்தால் மிரர் பட்டியல் (மென்பொருள் பேக்கேஜ்களை இறக்கும் முகவரிகள்) கிடைக்கவில்லை என்ற பதில்தான் வரும். ஆனால் சர்வர் நிற்காது. கோப்புகள் திறக்கும், பில் அடிக்கும், எல்லாம் வழக்கம்போல் நடக்கும். அதனால்தான் பல அலுவலகங்களில் இன்னமும் அதை யாரும் தொடுவதில்லை.

சிவகாசியில் ஒரு நடுத்தர அச்சகத்தில் அப்படி ஒரு சர்வர் இருந்தது. 2015-இல் சென்ட்ஓஎஸ் 7.1 நிறுவிய டவர் சர்வர். உள்ளே சாண்டி பிரிட்ஜ் காலத்து இன்டெல் ஜியான் சில்லு, டிஸ்க்குகளை இணைக்கும் எல்எஸ்ஐ சாஸ் 2008 அட்டை, அதில் இரண்டு சாட்டா டிஸ்க். இரண்டும் லினக்ஸின் மென்பொருள் ரெய்டு 1-ஆக, ஒன்றின் நகல் மற்றொன்றாக ஓடிக்கொண்டிருந்தன. டிசைன் கோப்புகளை நெட்வொர்க்கில் பகிர சாம்பா, ஜாப் கார்டும் பில்லும் போட பிஹெச்பி-யில் எழுதிய ஒரு பழைய நிரல், அதன் பின்னால் மரியாடிபி தரவுத்தளம். அவ்வளவுதான். ஆனால் அச்சகமே அதன் மேல்தான் நடக்கிறது.

ஆடி 18 அன்று சிவகாசியில் புது காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதன்பின் டிசம்பர் வரை ஆர்டர் ஓயாது. எது செய்வதானாலும் ஆனி மாதத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பது என்னைக் கூப்பிட்டபோதே தெளிவாகிவிட்டது.

“ஓடுற மிஷினை எதுக்குத் தம்பி கழட்டணும்?” என்று கேட்டார் அச்சக உரிமையாளர்.

“ஓட்டை தெரிஞ்சும் அடைக்க ஆளில்லாத மிஷின் அண்ணாச்சி இது. எவனாவது உள்ள வந்து மொத்த டிசைனையும் பூட்டிட்டுப் பணம் கேட்டான்னா, சீசன் நடுவுல என்ன செய்வீங்க?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை வச்சுக்கோ” என்றார்.

ஏன் அல்மா

சென்ட்ஓஎஸ் 2004-இல் தொடங்கியது. ரெட் ஹேட் என்ற நிறுவனம் சந்தாவுக்கு விற்கும் தன் லினக்ஸின் மூல நிரலைத் திறந்தே வைத்திருந்ததால், அதைத் தன்னார்வலர்கள் மறுபடி தொகுத்து, பெயரையும் சின்னத்தையும் மட்டும் நீக்கி, இலவசமாகக் கொடுத்தார்கள். சந்தா கட்ட வழியில்லாத கல்லூரிகள், ஹோஸ்டிங் கடைகள், ஆய்வகங்கள், இந்த அச்சகம் போன்ற இடங்கள் எல்லாம் அதை நம்பித்தான் சர்வர் வைத்தன. 2014-இல் ரெட் ஹேட் அந்தத் திட்டத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2019 ஜூலையில் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு ரெட் ஹேட்டை வாங்கி முடித்தது. 2020 டிசம்பர் 8-இல் அறிவிப்பு வந்தது: 2029 வரை வரும் என்று எல்லோரும் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பரோடு சரி. இனி ரெட் ஹேட்டின் அடுத்த பதிப்புக்கு முன்னோட்டமாக ஓடும் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான்.

அந்த வெற்றிடத்தில் வந்தவைதான் ராக்கியும் அல்மாவும். சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர், மறைந்த தன் சகா ராக்கி மெக்காவின் பெயரில் ராக்கி லினக்ஸைத் தொடங்கினார். கிளவுட்லினக்ஸ் நிறுவனம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்து அல்மாலினக்ஸைத் தொடங்கிவைத்து, பிறகு அதை ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அல்மாவின் முதல் நிலையான வெளியீடு 2021 மார்ச் 30. ராக்கியுடையது அதே ஆண்டு ஜூன்.

இரண்டுமே நல்லவை. 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூல நிரலைப் பொதுவில் வைக்கும் வழியைச் சுருக்கியபோது இரண்டும் வேறு வேறு பாதையில் போயின. ராக்கி, அச்சு அசலாக அதே தொகுப்பு என்ற குறிக்கோளை விடவில்லை. அல்மா, ரெட் ஹேட்டில் ஓடும் நிரல் மாற்றமில்லாமல் இதிலும் ஓடும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லி, மற்றவற்றில் தன் முடிவைத் தானே எடுத்தது. சின்ன இடங்களுக்கு இரண்டாவது வழியே அதிகம் உதவும் என்பது என் கருத்து. ரெட் ஹேட் கைவிட்ட பழைய வன்பொருளுக்கான டிரைவர்களை 2024 மே மாதம் வந்த 9.4 பதிப்பில் அல்மா திரும்பச் சேர்த்தது அந்தச் சுதந்திரத்தால்தான். புது சர்வர் வாங்கக் காசில்லாதவர்களை நினைத்துச் செய்த வேலை அது. உறுப்பினர்கள் வாக்களித்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு என்பதும் எனக்கு முக்கியம். யார் கையிலாவது மொத்தமாகப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை எல்லோரும் பார்த்துவிட்டோம்.

இதோடு, இருக்கிற இடத்திலேயே 7-லிருந்து 8-க்கு ஏற்றித் தரும் ‘எலிவேட்’ திட்டமும் அல்மாவினுடையது. 2021 அக்டோபரில் அறிவித்தார்கள். ரெட் ஹேட்டின் ‘லீப்’ கருவியை எடுத்து, மற்ற விநியோகங்களுக்கும் பொருந்தும்படி பேக்கேஜ் விவரங்களைச் சேர்த்திருக்கிறார்கள். இதில் போட்டிக் குழுக்களின் விநியோகங்களுக்கும் இடமுண்டு.

மூன்றாவது டிஸ்க்

ஒத்திகை பார்க்காமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ரெய்டு 1 இருக்கும் சர்வருக்கு அதைச் செய்ய ஓர் அருமையான வழி இருக்கிறது.

அதே அளவில் ஒரு புது டிஸ்க் வாங்கினேன். சர்வரில் செருகி, பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையை அப்படியே இதற்குப் பிரதி எடுத்தேன். பிறகு இரண்டு உறுப்பினர் கொண்ட ரெய்டை மூன்று உறுப்பினராக விரித்து, புது டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அச்சகம் வேலை செய்துகொண்டே இருக்க, பின்னணியில் பிரதி ஓடி முடிந்தது. இயங்குதளத்தைத் துவக்கும் க்ரப் பூட்லோடரை மூன்றாவது டிஸ்க்கிலும் எழுதினேன். அன்று மாலை ஆட்கள் கிளம்பியதும் சர்வரை முறைப்படி நிறுத்தி, மூன்றாவதை உருவிக்கொண்டு, மற்ற இரண்டையும் வைத்து மறுபடி ஏற்றி, ரெய்டை இரண்டு உறுப்பினருக்குக் குறைத்துவிட்டேன். கையில் முழு சர்வரின் அசல் பிரதி ஒன்று வந்துவிட்டது. ஒத்திகைக்கும் அதுவே, ஆபத்துக்குப் பேக்கப்பும் அதுவே.

உருவுவதற்கு முன் ஒரு வேலை கட்டாயம். சென்ட்ஓஎஸ் 7-இல் துவக்கப் படிமத்தை உருவாக்கும் ‘டிராகட்’ கருவி, அந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும்தான் உள்ளே வைக்கும். நம் சர்வரின் டிஸ்க்குகள் எல்எஸ்ஐ அட்டையில் இருப்பதால், சாதாரண மதர்போர்டின் சாட்டா போர்ட்டுக்குத் தேவைப்படும் ஏஹெச்சிஐ டிரைவர் அதில் இல்லாமல் போகலாம். அப்படியே வேறு கணினியில் மாட்டினால் டிஸ்க் இருப்பதே தெரியாது. ‘நோ ஹோஸ்ட்ஒன்லி’ விருப்பத்தோடு துவக்கப் படிமத்தை மறுபடி கட்டினால் எல்லா டிரைவரும் உள்ளே வந்துவிடும். இந்த ஒரு படி பின்னால் இன்னொரு இடத்திலும் கைகொடுத்தது.

வீட்டு மேசைக் கணினியில் அந்த டிஸ்க்கை மாட்டி ஏற்றினேன். மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது என்பதால் ரெய்டு, மற்றவை வருமா என்று அரை நிமிடம் போலக் காத்திருந்துவிட்டு, குறையோடே எழுந்தது. அச்சகத்து சர்வர் அச்சு அசலாக என் மேசைமேல்.

அறிக்கை

முதலில் ரெப்போ, அதாவது பேக்கேஜ்களை இறக்கும் கிடங்கு. பழைய சென்ட்ஓஎஸ் முகவரிகள் செத்துவிட்டதால் லீப் ஓடுவதற்குக்கூட வழியில்லை. மூடிய சென்ட்ஓஎஸ் 7-இன் பேக்கேஜ்களை அல்மா குழுவே ஒரு தனி முகவரியில் வைத்திருக்கிறது. எலிவேட் கையேட்டில் அந்த ரெப்போ கோப்பு உண்டு. அதைப் போட்டு, மிச்சமிருந்த அப்டேட்களை முடித்து, ரீபூட் செய்து, எலிவேட் ரெப்போவைச் சேர்த்து, லீப்பையும் அல்மாவுக்கான விவரத் தொகுப்பையும் நிறுவினேன். வெளி ரெப்போக்களிலிருந்து வந்த பேக்கேஜ்களை ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டு கழற்றிவிட்டேன்.

பிறகு ‘லீப் ப்ரீஅப்கிரேட்’. இது எதையும் ஏற்றாது. மெஷினை அலசிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதும். இந்த மொத்த வேலையிலும் மதிப்பு மிக்க பொருள் அந்த அறிக்கைதான். அதை ஒத்திகை டிஸ்க்கிலும் ஓட்டினேன், அச்சகத்து நிஜ சர்வரிலும் ஓட்டினேன். இரண்டும் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் வன்பொருள் வேறு.

மேலோட்டமான தடைகள் சீக்கிரம் தீர்ந்தன. உள்நுழைவைச் சரிபார்க்கும் பழைய பேம் மாட்யூல் ஒன்றை நீக்கலாமா என்று கேட்டது, ‘லீப் ஆன்சர்’ கட்டளையில் சம்மதம் சொன்னேன். தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் அமைப்பில் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) நுழைவு பற்றி வெளிப்படையாக எதுவும் எழுதவில்லை என்றது, எழுதினேன்.

2015-இல் நிறுவியது என்பதால் இன்னொரு விஷயம் இருந்தது. சென்ட்ஓஎஸ் 7-இன் தொடக்கப் பதிப்புகளில் உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ் கோப்பு அமைப்பில் ‘எஃப்டைப்’ வசதி அணைந்திருக்கும். 7.3-லிருந்துதான் அது இயல்பாக வந்தது. லீப் தன் வேலைக்கு மேலடுக்குக் கோப்பு அமைப்பைப் பயன்படுத்துகிறது, அதற்கு இந்த வசதி வேண்டும். இல்லாவிட்டால் தனியாகப் படிமக் கோப்புகளை உருவாக்கி அதில் வேலை செய்யும், ஆகவே டிஸ்க்கில் தாராளமாக இடம் கேட்கும். பழைய லாக், யம் தற்காலிகக் கோப்புகள், ஓரமாகக் கிடந்த பழைய கெர்னல்கள் எல்லாவற்றையும் துடைத்து இடம் பண்ணிக் கொடுத்தேன்.

அறிக்கையில் என்னை உட்காரவைத்தது, யார் இணையலாம் என்று வடிகட்டும் டிசிபி ராப்பர் பற்றிய வரி. இந்த சர்வரில் எஸ்எஸ்ஹெச் நுழைவை அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் திறக்க, ‘ஹோஸ்ட்ஸ் அலவ்’, ‘ஹோஸ்ட்ஸ் டினை’ என்ற இரண்டு கோப்புகளைத்தான் முன்பு அமைத்தவர் நம்பியிருந்தார். 8-ஆம் பதிப்பிலிருந்து அந்த வசதியே கிடையாது. கோப்புகள் அதே இடத்தில் அதே வரிகளோடு இருக்கும், பார்ப்பவருக்குப் பாதுகாப்பு இருப்பதுபோலவே தெரியும். ஆனால் எஸ்எஸ்ஹெச் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கதவு யாருக்கும் தெரியாமல் திறந்துகொள்ளும். மேம்படுத்திய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய விஷயம் இல்லை இது. அந்த விதிகளை ‘ஃபயர்வால்டி’ என்ற ஃபயர்வால் சேவையில் முன்னதாகவே எழுதி, வெளியிலிருந்து கைப்பேசி இணையம் வழியாக முயன்று, நுழைய முடியவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் அந்தக் கோப்புகளைக் காலிசெய்தேன். இந்த வரியைக் காட்டிக்கொடுத்த நிரலை எழுதியவர் யாரோ, அவருக்கு என் நன்றி.

நிஜ சர்வரின் அறிக்கையில் மட்டும் வந்த தடை, எல்எஸ்ஐ அட்டை. சாஸ் 2008 சில்லுக்கான ஆதரவை ரெட் ஹேட் 8-இல் நீக்கிவிட்டது. ரீபூட்டுக்குப் பின் டிஸ்க்கே தெரியாமல் போகும் நிலை. ஈஎல் ரெப்போ என்ற தன்னார்வத் திட்டம் அப்படிக் கைவிட்ட டிரைவர்களைத் தனியாகக் கட்டித் தருகிறது. ஆனால் துவக்க டிஸ்க்குக்கே வெளி டிரைவர் என்றால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டின்போதும் கவனம் வேண்டும். இங்கே இருப்பது சாட்டா டிஸ்க்குகள். ரெய்டு விவரம் டிஸ்க்கிலேயே எழுதியிருக்கிறது, அட்டையில் இல்லை. மதர்போர்டில் சாட்டா போர்ட்டுகள் காலியாகவே கிடந்தன. அட்டையிலிருந்து கேபிளைக் கழற்றி அங்கே மாட்டி, பயாஸில் ஏஹெச்சிஐ என்று வைத்தேன். டிராகட் வேலையை ஏற்கெனவே செய்திருந்ததால் சர்வர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்தது. அட்டையை உருவி எடுத்து, எந்த சர்வரிலிருந்து எப்போது எடுத்தது என்று ஒட்டுச்சீட்டு எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்தேன்.

திருநெல்வே

லீப் பேக்கேஜ்களை மாற்றும். அதற்குள் இருக்கும் நம் தரவு என்ன நிலையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஒத்திகையில் அதிக நேரம் எடுத்தது தரவுத்தளம்தான்.

சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்தது மரியாடிபி 5.5, பிஹெச்பி 5.4. அல்மா 8.10-இல் மாட்யூலாக மரியாடிபி 10.11-ம் பிஹெச்பி 8.2-ம் கிடைக்கின்றன. இவ்வளவு தூரம் தாண்டுவதற்குத் தரவை முழுதாக ஒரு கோப்பாக டம்ப் எடுத்து, பழைய பேக்கேஜ்களை நீக்கிவிட்டு, புதிதில் ஏற்றுவதுதான் சுத்தமான வழி.

டம்ப் எடுத்துத் திறந்து பார்த்தேன். வாடிக்கையாளர் பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் தலைக்குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நின்றன. காரணம் பழையது, தமிழில் தரவு வைத்த பலரும் பார்த்திருப்பார்கள். அட்டவணைகள் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறியாக்கத்தில் உருவானவை. நிரலோ யூடிஎஃப்8 தமிழை அதற்குள் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே தவறான வழியில் என்பதால் திரையில் தமிழ் சரியாகவே தெரியும். டம்ப் எடுக்கும்போது மட்டும் தரவுத்தளம் ‘இது லத்தீன், யூடிஎஃப்8-ஆக மாற்றித் தருகிறேன்’ என்று இன்னொரு முறை மாற்றும். யூடிஎஃப்8-இல் ‘க’ என்ற எழுத்துக்கு மூன்று பைட். இப்படி இரட்டை மாற்றம் ஆகிவிட்டால் அதுவே ஏழு பைட் ஆகிவிடும். நீளத்தைக் கேட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துபோகும்.

எனவே டம்ப்பை லத்தீன்1 என்று சொல்லியே எடுத்தேன், குறியாக்கம் பற்றிய வரியை எழுதவேண்டாம் என்றும் சொன்னேன். அப்போது உள்ளே இருந்த பைட்டுகள் அப்படியே வந்தன, கோப்பைத் திறந்தால் நல்ல தமிழ். பிறகு அட்டவணை வரையறைகளில் லத்தீன்1 என்பதை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றினேன். மைஐசாம் என்ற பழைய சேமிப்பு முறையில் இருந்த அட்டவணைகளில் 255 எழுத்துப் புலங்களுக்குச் சாவி (இன்டெக்ஸ்) இருந்தது. நான்கு பைட் கணக்கில் அது 1,020 ஆகி, மைஐசாமின் 1,000 பைட் எல்லையைத் தாண்டும். எல்லாவற்றையும் இன்னோடிபி என்ற சேமிப்பு முறைக்கு மாற்றினேன். ஏற்றினேன். ‘க’ மூன்று பைட்.

அப்புறம்தான் ஊர்ப் பெயர்களைப் பார்த்தேன். ‘திருநெல்வே’. அதற்கு மேலே ‘கோயம்புத்த’. மதுரையும் சிவகாசியும் முழுதாக இருந்தன.

ஊர்ப் புலத்தின் அளவு 30. லத்தீன்1 அட்டவணையில் 30 என்றால் 30 பைட். கணினிக்குத் தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக, பத்துக் குறியீடுகளுக்குத்தான் இடம். ‘திருநெல்வேலி’ 12 குறியீடு, கடைசி ‘லி’ உள்ளே நுழையவே இல்லை. மரியாடிபி 5.5 அதை வெட்டிப் போட்டுவிட்டு, நிரல் கவனிக்காத ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. பில்லில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், கணக்கு பார்க்கும் அக்கா நீளமான ஊர்களை ‘நெல்லை’, ‘கோவை’ என்று போடப் பழகியிருந்தார். “முழுசா அடிச்சா ஏத்துக்காது தம்பி, அது அப்படித்தான்” என்றார். வேறு யாரோ முழுதாக அடித்தவைதான் வெட்டுப்பட்டவை.

யூடிஎஃப்8எம்பி4-இல் அதே 30, முப்பது குறியீடுகளைத் தாங்கும். இனி வெட்டாது. புது மரியாடிபி-யில் கண்டிப்பு முறை இயல்பாகவே உண்டு, நீளம் மீறினால் வெட்டாமல் பிழை சொல்லும். ஏற்கெனவே போன எழுத்துகளை எந்தக் கருவியும் திருப்பித் தராது. வெட்டுப்பட்ட வரிகளை மட்டும் தனியாக எடுத்து அக்காவிடம் கொடுத்தேன், பழைய பில் கட்டுகளை வைத்து அவரே திருத்திக் கொடுத்தார்.

பிஹெச்பி பக்கம் எதிர்பார்த்ததுதான். பழைய ‘மைஎஸ்க்யூஎல்’ சார்புகள் 7.0-லேயே போய்விட்டன. நிரல் முழுக்க அவைதான். எல்லாவற்றையும் ‘மைஎஸ்க்யூஎல்ஐ’க்கு மாற்றி, இணைப்பின்போதே யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லவைத்தேன். மாற்றும்போது, பயனர் அடிப்பதை நேராகக் கேள்விக்குள் ஒட்டும் இடங்களையும் சரிசெய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அந்த வாரம் எந்த நாள் என்று முன்பே விசாரித்து, ஞாயிறு இல்லை என்று உறுதிசெய்திருந்தேன். யுபிஎஸ் பேட்டரியையும் சுமையோடு சோதித்திருந்தேன். பேக்கேஜ்கள் மாறும் நடுவில் மின்சாரம் போவதைவிடக் கெட்டது இந்த வேலையில் இல்லை.

வெப் சர்வர் அப்பாச்சியையும் சாம்பாவையும் நிறுத்தி, கடைசி டம்ப் எடுத்து, அதை வெளி டிஸ்க்கிலும் பிரதி வைத்து, மரியாடிபி, பிஹெச்பி பேக்கேஜ்களை நீக்கினேன். இன்னொரு முறை ப்ரீஅப்கிரேட், தடை எதுவும் இல்லை. ‘லீப் அப்கிரேட்’ கொடுத்தேன். தேவையானவற்றை எல்லாம் இறக்கி, ஒத்துப் பார்த்து, ரீபூட் செய் என்றது. க்ரப் பட்டியலில் எலிவேட்டின் துவக்கப் பதிவு வந்திருந்தது. அதில் ஏறி, பேக்கேஜ்களை ஒவ்வொன்றாக மாற்றி, தானே ரீபூட் ஆகி, செலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கின் அடையாளங்களை எல்லாக் கோப்புகளுக்கும் மறுபடி ஒட்டி, திரும்பவும் ரீபூட் ஆனது. இந்த நேரத்தில் எஸ்எஸ்ஹெச் எதுவும் இருக்காது. திரையும் விசைப்பலகையும் சர்வரில் நேராக மாட்டியிருக்க வேண்டும். கடைசியில் அல்மாலினக்ஸ் 8.10 என்று நுழைவுத் திரை வந்தது.

வீட்டில் பார்த்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்பதால் சொல்ல அதிகம் இல்லை. மாட்யூல்களை இயக்கி, தரவை ஏற்றி, நிரலை வைத்து, பழைய பில் ஒன்றையும் புது பில் ஒன்றையும் அக்கா அச்சடித்துப் பார்த்தார். இரவு நேரப் பேக்கப்பை எடுக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் மட்டும் ‘பைத்தான்’ என்ற கட்டளையே இல்லை என்றது. 8-இல் பதிப்பு எண்ணோடுதான் அழைக்க வேண்டும். ஒத்திகையின்போதே பைத்தான் 3-க்கு மாற்றி வைத்திருந்த பிரதியைப் போட்டேன்.

பிளேட் போடும் கணினி

அச்சகங்களில் இருக்கும் ஒரு பிரச்சினை இது, வேறு தொழிற்கூடங்களிலும் இருக்கும். அச்சுப் பிளேட் போடும் இயந்திரத்தோடு வந்த கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி. இயந்திரத்தின் மென்பொருள் அதில்தான் ஓடும், மாற்ற வழியில்லை. கோப்புப் பகிர்வுக்கு எக்ஸ்பி-க்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய நெறிமுறை மட்டும். சாம்பா 4.11-லிருந்து அது இயல்பாக அணைந்திருக்கிறது.

ஒரு வரி எழுதினால் சாம்பாவில் அதைத் திரும்பத் திறந்துவிடலாம். ஆனால் அந்த அமைப்பு சர்வர் முழுவதற்குமானது, ஒரு பகிர்வுக்கு மட்டும் என்று வைக்க முடியாது. 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். ஒரே ஒரு கணினிக்காக எல்லா டிசைன் கோப்புகளுக்கும் அந்த வயதான வழியைத் திறக்க எனக்கு மனமில்லை.

திசையை மாற்றினேன். எக்ஸ்பி கணினி சர்வருக்கு வரவேண்டாம், சர்வர் அதனிடம் போகட்டும். எக்ஸ்பி-யில் ஒரு ஹாட் ஃபோல்டரை (கோப்பு விழுந்ததும் மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும் ஃபோல்டரை) பகிர்ந்து, சர்வரில் அதை எஸ்எம்பி 1 என்று குறிப்பிட்டு மவுண்ட் செய்தேன். ‘பிளேட்டுக்கு’ என்ற பகிர்வில் டிசைனர் கோப்பைப் போட்டால், சர்வர் அதை அந்த ஃபோல்டருக்குத் தள்ளிவிடும். அந்தக் கணினிக்கும் சர்வருக்கும் நடுவே தனி நெட்வொர்க் அட்டை, தனி கேபிள். எக்ஸ்பி-யிலிருந்து இணையமும் கிடையாது, அச்சகத்தின் மற்ற கணினிகளும் தெரியாது. பிளேட் போடுபவருக்கு முன்பைவிட வேலை குறைந்தது, முன்பு அவர்தான் சர்வருக்குள் போய்க் கோப்பைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்.

துடைப்பது

லீப் முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. பெயரில் ‘ஈஎல்7’ என்று முடியும் பேக்கேஜ்கள் சில மிச்சம் இருக்கும். ஆர்பிஎம் பட்டியலில் தேடி ஒவ்வொன்றும் எதற்கு என்று பார்த்து நீக்கினேன். பழைய கெர்னலும் அதில் ஒன்று. யம்முக்குப் பதிலாக வந்த டிஎன்எஃப்-இன் அமைப்பில் லீப் தன் பேக்கேஜ்களை விலக்கச் சொல்லி எழுதியிருந்த வரியை எடுத்தேன். செலினக்ஸ் ‘பெர்மிசிவ்’ நிலையில், அதாவது எச்சரிக்கை மட்டும் எழுதும் நிலையில் விட்டிருக்கும். பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சில நாள் லாக்கைப் பார்த்து, சாம்பா, அப்பாச்சி இரண்டுக்கும் மறுப்பு எதுவும் வரவில்லை என்று தெரிந்தபின் ‘என்ஃபோர்சிங்’ ஆக்கினேன். க்ரப்பை இரண்டு டிஸ்க்கிலும் எழுதி, ஒவ்வொரு டிஸ்க்கையும் தனியாக வைத்து ஏற்றிப் பார்த்தேன். எது போனாலும் மற்றொன்றிலிருந்து எழும்.

அல்மா 8-க்குப் பாதுகாப்பு அப்டேட்கள் 2029 வரை உண்டு. 9-க்கு 2032 வரை. 9-க்கு எக்ஸ்86-64 இரண்டாம் நிலைச் சில்லு போதும், இந்த சாண்டி பிரிட்ஜ் ஜியான் அதில் தேறிவிடும். 10-க்கு ரெட் ஹேட் மூன்றாம் நிலை கேட்கிறது, அதற்குச் சில்லில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் வேண்டும், இதில் கிடையாது. 2025 மே மாதம் வந்த அல்மா 10, இரண்டாம் நிலைச் சில்லுகளுக்கென்று தனியாகவும் ஒரு கட்டமைப்பைத் தருகிறது. ஆக, 10-ஐயும் இதே மெஷினில் ஏற்றலாம். அதுவரை பவர் சப்ளை தாங்குமா என்பது வேறு கேள்வி, உதிரியாக ஒன்று வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒத்திகை டிஸ்க்கில் இப்போது 8-லிருந்து 9-க்கான ப்ரீஅப்கிரேட் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பழைய நெட்வொர்க் ஸ்கிரிப்ட் முறையை விட்டு நெட்வொர்க்மேனேஜருக்கு மாறச் சொல்கிறது. அதைச் சீசன் முடிந்து தை மாதத்தில் தொடலாம் என்று அண்ணாச்சியிடம் பேசி வைத்திருக்கிறேன்.